கேள்வி மலிவானால்

2021 டிசம்பர் 11 அன்று சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு நடந்தது. கொரோனா காலம் என்பதால் அந்த ஆண்டு முதல் பருவத் தேர்வில் எல்லாமே கொள்குறி வினாக்கள். மாணவர்கள் ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். படித்துப் பதில் சொல்லும் பகுதிக்கு ஒரு பத்தி கொடுத்திருந்தார்கள். மனைவிக்குச் சுதந்திரம் கிடைத்ததால்தான் பிள்ளைகள் மீது பெற்றோருக்கு இருந்த அதிகாரம் அழிந்தது என்றது அந்தப் பத்தி. கணவனின் ஆளுகையை அவள் ஏற்றால்தான் பிள்ளைகளும் அவளுக்குப் பணிவார்கள் என்றும் சொன்னது. பதினைந்து, பதினாறு வயதுப் பெண்கள் உட்கார்ந்து, இதை வாசித்து, இதற்குச் "சரியான" விடையைத் தேட வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து மக்களவையில் சோனியா காந்தி இதை எழுப்பினார். அன்றே வாரியம் அந்தப் பத்தியையும் அதன் வினாக்களையும் கைவிட்டு, எல்லோருக்கும் முழு மதிப்பெண் என்று அறிவித்தது.

இதைச் சொல்லித் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இன்று கேள்வித்தாளை இயந்திரம் எழுதுகிறது. பாடத்தை உள்ளே போட்டால் அரை நிமிடத்தில் ஐம்பது கேள்வி வருகிறது. "இயந்திரம் எழுதினால் ஆபத்து, மனிதர் எழுதினால் பத்திரம்" என்று ஆசிரியர் அறைகளில் பேசிக்கொள்கிறோம். ஆனால் 2021இல் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்தது இயந்திரம் இல்லை. மனிதர்கள்தான். அதனால் மனிதர் எழுதிய கேள்விக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. என் அக்கறை வேறு. தேர்வுக்குள் இயந்திரம் நுழைந்த ஒவ்வொரு முறையும் யாருடைய வேலை குறைந்தது, யாருடைய வேலை கூடியது? கூடிய வேலை யாருடைய கணக்கிலும் ஏறாமல் எங்கே போய் ஒளிந்தது? இதற்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. அதில் பெண்கள் எல்லாப் பக்கங்களிலும் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெயரில்லாமல்.

கேள்வி எழுதுவது என்ன வேலை?

நான் கணக்கு டீச்சர். இருபத்தாறு வருடமாக ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எடுக்கிறேன். ஸ்லிப் டெஸ்ட், மாதத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வு என்று எழுதிய கேள்விகளை எண்ணியதில்லை. ஸ்டென்சிலில் எழுதி சைக்ளோஸ்டைல் எடுத்த காலத்தில் தொடங்கினேன். பிறகு டி.டி.பி. சென்டர், பிறகு ஜெராக்ஸ், இப்போது கைப்பேசி. கருவி மாறினாலும் எழுதும் நேரம் மாறவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, மறுநாளைக்கு மாவு எடுத்து வெளியே வைத்த பிறகுதான் அந்த வேலை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கேள்வி எழுதுவது புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்து எடுத்துப் போடுவது மாதிரித் தெரியும். ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். 3.5, 3.12 இரண்டில் எது பெரியது? பல குழந்தைகள் 3.12 என்பார்கள். ஐந்தைவிடப் பன்னிரண்டு பெரியது அல்லவா? அதே கேள்வியை 3.5, 3.2 என்று கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள், பிழை வெளியே வராது. 1/2 உடன் 1/3ஐக் கூட்டச் சொன்னால் 2/5 என்று எழுதும் பிள்ளை மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டுகிறாள். முந்நூற்று ஐந்து என்று சொன்னால் 3005 என்று எழுதும் பிள்ளை காதால் கேட்டதை அப்படியே எழுதுகிறான். கொள்குறி வினாவுக்கு நான்கு விடை எழுதும்போது இந்தத் தவறுகள்தான் மற்ற மூன்று விடைகள். அந்த மூன்றை எழுதத் தெரிந்தவருக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் மனம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த அறிவு பாடத்திட்டத்தில் கிடையாது. நோட்டுத் திருத்தித் திருத்திச் சேர்வது. நம் ஊர்த் தொடக்கப்பள்ளியானாலும் அமெரிக்கப் பள்ளியானாலும், நோட்டுத் திருத்தியவர்களில் பெண்கள் ஏராளம். தேர்வின் நவீன வரலாறு அந்தப் பெண்களை நம்ப முடியாது என்ற முடிவிலிருந்து தொடங்கியது.

டீச்சர் போடும் மார்க்கை நம்பலாமா?

1912இல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஆங்கில விடைத்தாளின் நகல்களைப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஒரு தாளுக்கு ஒருவர் 64 போட்டார், இன்னொருவர் 98 போட்டார். கட்டுரை என்பதால் அப்படி என்று சிலர் சமாதானம் சொல்ல, அடுத்த ஆண்டு வடிவகணிதத் தாளை அனுப்பினார்கள். அதில் வித்தியாசம் இன்னும் அதிகம்.

இதற்கு மருந்தாக வந்தது கொள்குறி வினா. கான்சாஸ் மாநிலத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த ஃபிரெடெரிக் கெல்லி, 1914இல் ஆசிரியர்கள் போடும் மதிப்பெண் எப்படி ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று ஆய்வேடு எழுதினார். கான்சாஸ் மௌன வாசிப்புத் தேர்வு என்ற பெயரில் அவர் உருவாக்கிய தேர்வில் பிள்ளைகள் விளக்கி எழுதத் தேவையில்லை, குறித்தால் போதும். ஒரு கேள்விக்கு ஒரே விடை. யார் திருத்தினாலும் ஒரே மார்க். அன்று அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள், திட்டம் போட்ட நிர்வாகிகளும் அளவீட்டு நிபுணர்களும் பெரும்பாலும் ஆண்கள். ஆசிரியரின் தீர்ப்பை எடுத்துவிட்டு அளவுகோலை வைத்தபோது, நடைமுறையில் எடுக்கப்பட்டது பெண்களின் தீர்ப்பு.

ஆனால் இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நம் ஊரில் டீச்சருக்குப் பிடித்த பிள்ளை, பிடிக்காத பிள்ளை என்பது சாதி பார்த்தும், நிறம் பார்த்தும், அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று பார்த்தும் அமைவதுண்டு. பொதுத்தேர்வு விடைத்தாளில் பதிவு எண்ணை மறைத்து டம்மி நம்பர் போட்டதே இதற்குத்தான். தன் பெயரைப் பார்க்காத ஒருவர் திருத்திய தாளால்தான் மேலே வந்த பெண்கள் நம்மில் எத்தனை பேர்! ஆள் பார்க்காத அளவுகோல் எளியவருக்குப் பாதுகாப்பு. தானியங்கித் தேர்வின் முதல் நன்மை இது. அதை மறைத்துவிட்டு மற்றதைப் பேசினால் நம் பேச்சு நேர்மையாக இருக்காது.

பென்சில் கோட்டில் ஓடிய மின்சாரம்

அடுத்த அடி 1930களில் விழுந்தது. ரேனால்டு ஜான்சன் மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன்வுட் என்ற ஊரில் பள்ளி ஆசிரியர். சிறுவனாக இருந்தபோது அவர் செய்த குறும்பு ஒன்றைப் பற்றிய கதை பிரபலம். அக்காள்களைப் பார்க்க வரும் இளைஞர்களின் கார்களில் ஸ்பார்க் பிளக் மேல் பென்சிலால் கோடு இழுத்துவிடுவாராம். பென்சில் கரியில் மின்சாரம் பாய்ந்து வண்டி கிளம்பாது. அக்காள்களின் காதலுக்குக் குறுக்கே நின்ற அந்தத் தம்பிதான், பெரியவனானதும் பென்சில் குறியை மின்சாரத்தால் படிக்கும் இயந்திரத்தைச் செய்தார். ஐபிஎம் நிறுவனம் அதை வாங்கி, 1938இல் 805 என்ற எண்ணோடு சந்தைக்குக் கொண்டுவந்தது. பழகிய ஒருவர் மணிக்குச் சுமார் 800 தாள்களுக்கு மதிப்பெண் எடுக்கலாம். 2021 டிசம்பரில் நம் பிள்ளைகள் கறுப்பாக்கிய ஓ.எம்.ஆர். தாள் அந்த வம்சத்தில் வந்தது. இப்போது மின்சாரத்துக்குப் பதில் ஒளி படிக்கிறது, அவ்வளவுதான்.

திருத்துவது மலிவானதும் என்ன நடந்தது? மிச்சமான நேரத்தில் ஆசிரியர்கள் ஓய்வெடுக்கவில்லை. தேர்வு பெருகியது. 1926 ஜூனில் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத்தேர்வு முதன்முதலாக நடந்தபோது எழுதியவர்கள் சுமார் 8,000 பேர். 1960களில் அது பல லட்சமானது. இயந்திரம் மட்டும்தான் இதற்குக் காரணம் என்று சொல்லவில்லை. கல்லூரிக்குப் போகிறவர்களும் கூடினார்கள். ஆனால் கையால் திருத்தி அந்த எண்ணிக்கையை எட்டியிருக்க முடியாது.

மிக்ஸி வந்த பிறகு

வீட்டு வேலையின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது பழகிய கதை. அமெரிக்க வரலாற்றாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் இதைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். அடுப்பு, துவைக்கும் இயந்திரம், குழாய்த் தண்ணீர் எல்லாம் வந்தும் தாயின் வேலை நேரம் ஏன் குறையவில்லை என்பது அதன் கேள்வி. முன்பு வீட்டில் ஆணும் பிள்ளைகளும் வேலையாட்களும் செய்துவந்த பங்கை இயந்திரம் எடுத்துக்கொண்டது. அவர்கள் விலகினார்கள். மீதி வேலை தனியாக அவள் தலையில் வந்தது. சுத்தம், ருசி பற்றிய எதிர்பார்ப்பும் ஏறியது.

நம் சமையலறையில் சோதித்துப் பார்க்கலாம். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பதில் மிக்ஸியும் கிரைண்டரும் வந்தன. நம் தோள் வலி குறைந்தது, அது பெரிய விஷயம், யாரும் திரும்ப ஆட்டுக்கல்லுக்குப் போக வேண்டாம். ஆனால் விசேஷ நாளில் மட்டும் கண்ட இட்லியும் இரண்டு வகைச் சட்னியும் தினசரிக் கடமையானது. "மிஷின்தானே அரைக்குது, உனக்கென்ன?" என்ற பேச்சும் கூடவே வந்தது.

கேள்வித்தாளை இயந்திரம் எழுதும்போதும் இதுதான் நடக்கும் என்று நான் பயப்படுகிறேன். கேள்வி மலிவானால் தேர்வு பெருகும். மாதத்துக்கு ஒரு தேர்வு வாரத்துக்கு ஒன்றாகும், வாரத்துக்கு ஒன்று நாளுக்கு ஒன்றாகும். நடத்துவதும், வராத பிள்ளையைத் தேடிப் பிடித்து எழுத வைப்பதும், மார்க்கைச் செயலியில் ஏற்றுவதும், குறைந்த மார்க் வாங்கிய பிள்ளையின் அம்மாவுக்குப் பதில் சொல்வதும் டீச்சர்தான். "கேள்வியே நீங்க எழுதலையே, உங்களுக்கென்ன?" என்பார்கள்.

எந்தக் கேள்வியை வைப்பது, எதை எடுப்பது

கேள்வி எழுதுவதை இயந்திரத்திடம் கொடுத்த கதைக்குப் போகும் முன், எந்தக் கேள்வியை வைப்பது என்பது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதைப் பார்த்துவிடுவோம். 1937இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லூயிஸ் டெர்மனும் மாட் மெரில் என்ற பெண் உளவியலாளரும் சேர்ந்து, தங்கள் புகழ்பெற்ற நுண்ணறிவுத் தேர்வைத் திருத்தி வெளியிட்டார்கள். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒப்பிடக்கூடிய மதிப்பெண் பெற வேண்டும் என்று நினைத்து, இரு பாலாருக்கும் இடையே பெரிய வித்தியாசம் காட்டிய கேள்விகளை நீக்கினார்கள். எந்தக் கேள்வியை எடுத்தால் யார் முன்னே வருவார் என்பது 1937லேயே தேர்வு செய்பவர்களுக்குத் தெரியும் என்று அர்த்தம். அதற்குப் பிறகும் ஒரு தேர்வில் பெண்கள் பின்தங்கினால், "பெண்களுக்கு அவ்வளவுதான்" என்று சொல்வதற்கு முன் கேள்விகளைப் பார்க்க வேண்டாமா?

எஸ்.ஏ.டி. விஷயத்தில் நெடுங்காலம் யாரும் அப்படிப் பார்க்கவில்லை. அதில் ஒப்புமை வினா என்ற வகை இருந்தது. ஓட்டக்காரருக்கு மாரத்தான் என்றால் துடுப்பு போடுபவருக்கு எது என்று ஒரு கேள்வி. பணக்காரர் ஊர்களில் நடக்கும் படகுப் போட்டியின் பெயர்தான் விடை. அந்தப் பெயரைக் கேட்டே இராத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? 2005இல்தான் ஒப்புமை வினாக்களே தேர்விலிருந்து நீக்கப்பட்டன.

நியூயார்க் மாநிலம் தன் கல்வி உதவித்தொகையை எஸ்.ஏ.டி. மதிப்பெண் அடிப்படையில் கொடுத்துவந்தது. 1987இல் போட்டியிட்டவர்களில் 53 சதவீதம் பெண்கள். ஆனால் இரண்டு உதவித்தொகைகளில் பெரியதைப் பெற்றவர்களில் பெண்கள் 28 சதவீதம். பள்ளி மதிப்பெண்ணில் அவர்கள் ஆண்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. மாணவிகளும் பெண்கள் அமைப்புகளும் வழக்குப் போட்டார்கள். ஷெரீஃப் வழக்கு என்று பெயர். 1989 பிப்ரவரியில் மத்திய நீதிமன்ற நீதிபதி ஜான் வாக்கர், எஸ்.ஏ.டி.யை மட்டும் வைத்து உதவித்தொகை கொடுப்பது பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று தடை விதித்தார்.

அதே காலத்தில் அந்தத் தேர்வை நடத்திய இ.டி.எஸ். நிறுவனத்துக்குள் பால் ஹாலந்து, டோரதி தேயர் என்ற இரு ஆய்வாளர்கள் மருத்துவப் புள்ளியியலிலிருந்து ஒரு முறையை எடுத்துவந்தார்கள். 1988இல் வெளியானது. மொத்த மதிப்பெண் ஒரே அளவாக உள்ள ஆண்களையும் பெண்களையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாகப் பார்ப்பது. திறமை சமமாக இருந்தும் ஒரு கேள்வியில் மட்டும் ஒரு பக்கம் சறுக்கினால், கேள்வியில் ஏதோ இருக்கிறது. ஒரு வகையில் இதுவும் தானியக்கம்தான். கணினி இல்லாமல் இந்தக் கணக்கைப் பெரிய அளவில் போட முடியாது. ஆகவே இயந்திரத்தைப் பெண்களுக்கு எதிரி என்று எழுதிவிட முடியாது. ஆனால் அந்தக் கணக்கு ஒரு கேள்வியைச் சுட்டிக்காட்டியதும் வேலை முடிவதில்லை. ஏன் சறுக்கியது என்று யாராவது உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும்.

எழுதுபவரை எடுத்துவிட்டால்

இப்போது எழுதும் வேலைக்கு வருவோம். 1968இல் வெல்ஸ் ஹைவ்லி என்பவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் கணக்குத் தேர்வுக்கு வினா அச்சு என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். "கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டிலக்க எண்கள்" என்று விதி சொன்னால் போதும். 52இலிருந்து 17, 63இலிருந்து 28 என்று எத்தனை வேண்டுமானாலும் பிறக்கும். 1970இல் ஜான் போர்மத் இன்னும் ஒரு படி போனார். வினா எழுதுபவரின் மனம் போன போக்கில் கேள்வி அமைவது அறிவியல் ஆகாது என்றார். பாடத்தில் உள்ள வாக்கியத்தை இலக்கண விதிப்படி கேள்வியாக மாற்ற வழி சொன்னார். 1976இல் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வு மையம் ஒன்றில் ஜான் வோல்ஃப் என்பவர், உரையைக் கொடுத்தால் கேள்வி எழுதும் கணினி நிரலைச் செய்து காட்டினார்.

நம் பாடத்தில் வைத்துப் பார்ப்போம். "பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான்" என்பது வாக்கியம். முல்லைக்குத் தேர் கொடுத்தவன் யார்? பாரி எதற்குத் தேர் கொடுத்தான்? பாரி முல்லைக்கு எதைக் கொடுத்தான்? மூன்று கேள்வி தயார். மூன்றும் சரியான கேள்விகள்தான். நம் ஒன் வேர்டுகளில் பாதி இப்படித்தான் மனிதர் கையால் எழுதப்பட்டவை. ஆனால் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று, "புறநானூற்றில் பாட்டு எழுதியும் அந்தப் பெண்களுக்குப் பாரி மகளிர் என்று அப்பா பேர் மட்டும்தானா மிஸ்? அவங்க பேர் ஏன் பாட்டோட இல்ல?" என்று கேட்டால், அது வாக்கியத்துக்குள் இருந்து வந்த கேள்வி இல்லை. வாக்கியம் விட்டுவைத்த இடத்திலிருந்து வந்தது.

இந்த ஆய்வுகள் பல பத்தாண்டுகள் நிபுணர்களுக்குள்ளேயே இருந்தன. கணினி வழித் தேர்வு பரவியதும் நிலைமை மாறியது. ஆளுக்கு ஆள் வேறு கேள்வி கொடுக்கும் தேர்வுக்குக் கேள்விகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். பெரிய தேர்வு ஒன்றில் பயன்படுத்தத் தகுந்த ஒரே ஒரு கேள்வியை எழுதி, சரிபார்த்து, முன்சோதனை செய்து முடிக்க 1,500 முதல் 2,500 டாலர் ஆகும் என்று லாரன்ஸ் ரட்னர் 2010இல் மதிப்பிட்டார். அந்தத் தொகையைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. நாம் பாத்திரம் கழுவிவிட்டு இலவசமாகச் செய்த வேலைக்கு உலகச் சந்தையில் இவ்வளவு விலை இருந்திருக்கிறது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அச்சு வேண்டாம், விதி வேண்டாம், பேசுகிற மாதிரிச் சொன்னால் போதும் என்றானது.

வரவும் செலவும்

வரவை முதலில் எழுதுகிறேன். டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத, கைடு வாங்க முடியாத பிள்ளைக்குப் பயிற்சிக் கேள்வி எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து எழுதாமலிருக்க நான்கு விதத் தாள் கொடுக்கலாம். கண் தெரியாத பிள்ளைக்குப் படமில்லாத கேள்வி, மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குச் சின்ன வாக்கியத்தில் கேள்வி என்று மாற்றித் தரலாம். முன்பு இதற்கு எனக்கு நேரமே இருந்ததில்லை. வெறும் எண் மாற்றும் கணக்குகளுக்கு நான் இப்போது இயந்திரத்தைத்தான் பயன்படுத்துகிறேன். இரவில் ஒரு மணி நேரம் மிச்சம். அதில் குற்றவுணர்வு எதுவும் எனக்கு இல்லை.

செலவு மூன்று.

முதலாவது, ஒரு மனிதர் ஒரு தாளில் வைக்கும் சாய்வை இயந்திரம் ஆயிரம் தாளில் வைக்கும். 2016இல் ஆய்வாளர்கள் சிலர், செய்திகளைப் படித்துப் பழகிய கணினியிடம் ஆணுக்கு நிரலாளர் என்றால் பெண்ணுக்கு என்ன என்று பார்த்தார்கள். இல்லத்தரசி என்று வந்தது. இப்படிப் பழகியது வாக்கியக் கணக்கு எழுதினால், வட்டிக்குக் கடன் கொடுப்பவன் ஆணாகவும் காய்கறி வாங்குபவள் பெண்ணாகவும் வருவதில் ஆச்சரியம் இல்லை. 2021 பத்தி ஒரே இடத்தில் இருந்தது, பளிச்சென்று இருந்தது, அதனால் நாடாளுமன்றம் வரை போனது. ஆயிரம் கேள்வியில் துளித்துளியாகப் பரவிய சாய்வை யார் எந்த அவையில் எழுப்புவது?

இரண்டாவது, சரிபார்ப்பு. இயந்திரம் எழுதிய கேள்வி எப்போதும் அழகாக இருக்கும். விடைக் குறிப்பு தவறாக இருந்தாலும் அழகாக இருக்கும். நான்கு விடைகளில் இரண்டு சரியாக இருந்தாலும் அழகாக இருக்கும். மோசமாக எழுதிய கேள்வியில் பிழை கண்ணில் குத்தும். சுத்தமாக எழுதியதில் தேட வேண்டும். என்னிடம் படித்த பெண் ஒருத்தி, எம்.எஸ்ஸி., பி.எட். முடித்தவள், கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிறாள். ஒரு நிறுவனம் இயந்திரம் எழுதிய கேள்விகளைச் சரிபார்க்க அவளை எடுத்திருக்கிறது. சம்பளம் கிடையாது, கேள்விக்கு இவ்வளவு என்று கூலி. "ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் மிஸ் சரின்னு சொல்ல முடியும். போட்டுப் பார்த்தா கூலி கட்டாது. பார்க்காம சரின்னு அடிச்சா மனசு கேக்கல" என்றாள். பீடி சுற்றுவதற்கும் தீப்பெட்டி ஒட்டுவதற்கும் வீட்டிலிருந்த பெண்களுக்குக் கொடுத்த அதே முறை, பட்டம் படித்த பெண்ணுக்குக் கணினி வழியாக வந்திருக்கிறது. வெளியே அந்தத் தொகுப்பின் மேல் "செயற்கை நுண்ணறிவு தயாரித்தது" என்று போட்டிருப்பார்கள். அவள் பெயர் எங்கும் இருக்காது.

மூன்றாவது, மெதுவாக வருவது. கேள்வி எழுதும்போதுதான் அந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்குவார்கள் என்று நான் யோசிப்பேன். நாளைக்கு எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்பது அந்த யோசனையில் பாதி கிடைத்துவிடும். புதிதாக வேலைக்கு வரும் டீச்சர் ஒரு கேள்வியும் எழுதாமலே பத்து வருடம் ஓட்டிவிடலாம் என்றால், இயந்திரத்தின் கேள்வி தவறு என்று சொல்லத் தெரிந்தவர் பத்து வருடம் கழித்து யார் இருப்பார்?

என்ன கேட்கலாம்?

இயந்திரத்தை நிறுத்துங்கள் என்று கேட்பதில் பயன் இல்லை. எனக்கு அதில் விருப்பமும் இல்லை. கேட்க வேண்டியவை வேறு.

மிச்சமாகும் நேரம் டீச்சருக்கே திரும்பி வர வேண்டும். அதை நிரப்ப இன்னொரு தேர்வு வரக்கூடாது. ஒரு வகுப்புக்கு ஆண்டுக்கு இத்தனை தேர்வுதான் என்ற உச்சவரம்பை ஆசிரியர் சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும். கேள்வி மலிவான பிறகு கேட்டால் கிடைக்காது.

கேள்வியைச் சரிபார்ப்பது வேலை என்று எழுத்தில் வர வேண்டும். அதற்குப் பணி நேரத்தில் இடம், சரியான ஊதியம், செய்தவரின் பெயர், தவறான கேள்வியை நிராகரிக்கும் உரிமை இவ்வளவும் சேர்ந்து வர வேண்டும். நிராகரிக்க உரிமை இல்லாத சரிபார்ப்பு வெறும் கையெழுத்து.

தேர்வு முடிந்ததும், ஒவ்வொரு கேள்விக்கும் பெண்கள் எப்படிப் பதில் சொன்னார்கள், ஆண்கள் எப்படிச் சொன்னார்கள், தமிழ்வழியில் படித்தவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்ற கணக்கை வெளியிட வேண்டும். டோரதி தேயரும் ஹாலந்தும் வழி காட்டி முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கேள்வி எழுதக் கணினி உண்டு, இந்தக் கணக்குப் போடக் கணினி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்வில் கேள்வித்தாளைக் கையில் வாங்கும்போது, விடை தெரிகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். இந்தக் கேள்வி யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது, யாரை விட்டுவிட்டது என்றும் பாருங்கள். தவறாகப் பட்டால் தேர்வு முடிந்ததும் எழுதிக் கொடுங்கள், கூட நான்கு பேரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நியூயார்க்கில் அந்த வழக்கைப் போட்டவர்களில் உங்கள் வயதுப் பெண்களும் இருந்தார்கள்.